மலைநாட்டு வானுக்குத் தீவில் ஒரு புகைச் சோதனை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைச்சிமாருக்கும் முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சந்தோசமாக ஒருவரும் வரமாட்டார்கள். பல்லுப் பிடுங்கப் போகிறவன்கூடத் தனக்கு நோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதான் போகிறான். புகைப் பரிசோதனைக்கு வாகனம் கொண்டுவருகிறவன் அப்படி இல்லை. தன் வாகனம் சுகதேகி என்ற தீர்ப்பை வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு, அதில் ஒரு முத்திரை குத்த மட்டும் உங்களிடம் வருவான்.

நயினாதீவில் இருந்து வந்த ஒருவர், தன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்க்கு மூன்று குறி விபூதி பூசி, அதற்கு மேல் ஒரு பொட்டும் வைத்துக் கொண்டுவந்தார். பாஸ் ஆகியது. அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் அதே விபூதி, அதே பொட்டு, பெயில். அம்மனைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்.

நாங்கள் செய்கிற வேலை என்ன? வாகனத்தின் பின்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, எஞ்சினை உறுமவிட்டு, வருகிற புகை எவ்வளவு மோசம் என்று மெசின் சொல்வதைக் கடதாசியில் எடுத்துக் கொடுக்கிறோம். அந்தக் கடதாசி இல்லாமல் வாகனத்துக்கு வருட அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. எப்படிச் செருகுவது, எப்போது உறுமவிடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். மெசினுக்குப் பக்கத்தில் நின்று உறுமுகிற மனிதரைப் பற்றிச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் ஒரு வானின் கதையைச் சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். எங்கள் மெசினை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், இறங்குதுறைக்குப் பக்கத்து வெளியில் கொட்டகை போட்டு வைத்திருந்தோம். தீவுப்பகுதி வாகனங்கள் யாழ்ப்பாணம் வரை அலையாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அங்கேதான் அந்த வெள்ளை டீசல் வான் வந்து நின்றது.

வானின் ஒரு பக்கத்தில் சங்கத்தின் பெயர் இருந்தது. வெளிநாடுகளில் இருக்கிற நெடுந்தீவு ஆட்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம். அதற்குக் கீழே தலைவரின் பெயர், உபதலைவர்கள், செயலாளர், உபசெயலாளர், போசகர்கள். மற்றப் பக்கத்தில் அவர்களுடைய காலஞ்சென்ற தாய் தகப்பன்மாரின் பெயர்கள். பின்கதவில், இடம் போதாமல், சின்ன எழுத்தில் ‘நோயாளர் முதியோர் சேவை’ என்று இருந்தது. இவ்வளவு பேரையும் சுமந்துகொண்டு ஓடுகிற வாகனத்தில் நோயாளருக்கும் ஒரு இடம் மிஞ்சியிருந்ததே பெரிய விசயம்.

முன்கதவைத் திறந்து தலைவர் இறங்கினார். கனடாவில் இருந்து வந்திருந்தார். வெள்ளை நீளக் கை சேட், வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி. வாகனத்தை ஓட்டி வந்தது யோகன், நெடுந்தீவுப் பெடியன். அதுவரை லாண்ட்மாஸ்டர்தான் ஓட்டியவன். அதுதான், பின்னால் பெட்டி கொழுவி இழுக்கிற அந்தக் கை உழவு இயந்திரம். நெடுந்தீவில் ஆளும் அதில்தான், சீமெந்தும் அதில்தான், ஆடும் அதில்தான்.

“தம்பி, உதைக் கெதியா முடிச்சுத் தாரும்,” என்றார் தலைவர். “வெள்ளிக்கிழமை திறப்புவிழா. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

நான் கம்பியைச் செருகினேன். தலைவர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வானுக்குப் பின்னால் போய் நின்றார். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு நேரடியாகக் காட்டப் போகிறாராம்.

“ஐயா, பின்னுக்கு நிக்காதேங்கோ,” என்றேன்.

“நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

யோகனுக்குக் கை காட்டினேன். அவன் மிதித்தான். அந்தக் குழாயில் இருந்து வந்ததைப் புகை என்று சொல்வது மரியாதைக் குறைவு. சூளை வெடித்ததுபோல வந்தது. இறங்குதுறையில் காரைநகர்ப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. புகை விலகியபோது தலைவர் அதே இடத்தில் கைத்தொலைபேசியை உயர்த்தியபடி நின்றார். கறுப்புக் கண்ணாடி மட்டும்தான் பழைய நிறத்தில் இருந்தது.

“பெயில் ஐயா,” என்றேன்.

“என்ன பெயில்?”

“புகை கூடிப்போச்சு.”

“உது புகை இல்லை. தூர இடத்திலையிருந்து ஓடி வந்த வாகனம். உள்ளை கிடந்த தூசி வெளிக்கிடுது.” சேட்டைத் தட்டினார். தட்டத் தட்ட அது பரவியது. பிறகு கைப்பையில் இருந்து ஒரு பழைய சான்றிதழை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். “இஞ்சை பாரும். நுவரெலியாவிலை வாங்கின வான். போன வருசம் அங்கை பாஸ். அதே வான், அதே எஞ்சின். அங்கை பாஸ் பண்ணினது ஊர்காவற்றுறையிலை ஏன் பெயில்? மத்திய மாகாணத்துக்கு ஒரு சட்டம், வடமாகாணத்துக்கு ஒரு சட்டமே?”

“சட்டம் எல்லா மாகாணத்துக்கும் ஒண்டுதான் ஐயா. புகைதான் மாறியிருக்குது.”

“அப்ப உம்மடை மெசின் பிழை.”

“காலமை தொடக்கம் இதே மெசினிலை கனபேர் பாஸ் பண்ணிக்கொண்டு போகினம்.”

இலங்கையின் மாகாணங்கள் கைகொடுக்கவில்லை என்றதும் அவர் வெளிநாட்டு மாகாணத்துக்குப் போனார்.

“கனடாவிலை நான் இருக்கிற மாகாணத்திலை இப்ப காருகளுக்கு உந்தச் சோதனையே இல்லை. நிப்பாட்டிப்போட்டாங்கள். அப்பிடி முன்னேறின இடத்துக்கே தேவையில்லாதது உங்களுக்கு என்னத்துக்கு?”

“அங்கை ஓடுறதெண்டா நான் மறிக்கேல்லை ஐயா. நெடுந்தீவிலை ஓடுறதெண்டாத்தான்…”

யோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல நடித்தான். அந்தப் புகைக்குள் அது பொருத்தமாகவும் இருந்தது.

பிள்ளைகளே, பழைய வாகனம் வாங்குகிற எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். ‘அந்த ஊரில் பாஸ் ஆன வாகனம் இந்த ஊரில் ஏன் பெயில்?’ கோபப்படாதேயுங்கள். அது நியாயமான கேள்வி. கேட்கிறவர் பதிலுக்காகக் கேட்கவில்லை என்பதுதான் சிக்கல்.

அன்று பின்னேரத்துக்குள் என் தொலைபேசி சூடேறிவிட்டது. ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர் எடுத்து, ஊருக்கு ஒரு நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் சின்ன விசயங்களைப் பெரிதாக்கக் கூடாது என்றார். அரசியல்வாதி ஒருவரின் செயலாளர் எடுத்து, தான் எடுத்ததாகச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னார். என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், கலியாணத்துக்குப் பிறகு எங்களோடு பேசியே இராதவர், கனடாவில் இருந்து எடுத்துச் சுகம் விசாரித்தார். சுகத்துக்கும் புகைக்கும் இடையில் அவர் மூச்சுக்கூட விடவில்லை.

கடைசியாக எங்கள் மேலாளர் எடுத்தார். நல்ல மனிதர். யாரோ அவரைக் குடைந்திருக்கிறார்கள்.

“அந்த வான் விசயம்,” என்றார். “பாத்துச் செய்யும்.”

“எதைப் பாத்து, என்னத்தைச் செய்யிறது ஐயா?”

“அதுதான். பாத்துச் செய்யும்.”

“அப்பிடியெண்டா ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கோ ஐயா.”

“உதெல்லாம் எழுதிற விசயமே?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

‘பாத்துச் செய்யும்’ என்ற இந்த இரண்டு சொல்லையும் நீங்கள் உங்கள் வேலைக் காலம் முழுக்கக் கேட்பீர்கள். ஒருபோதும் வாசிக்க மாட்டீர்கள். காரியம் பிழைத்தால், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. பிழைக்காவிட்டால், அவர்கள் சொன்னபடி செய்தீர்கள். அதனால் எப்போது கேட்டாலும் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். அந்த விசயம் அதோடு அநேகமாக அடங்கிவிடும்.

ஆனால் நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். நெடுந்தீவுக்கு அந்த வான் தேவை என்பது எனக்குத் தெரியும். அங்கே சுகமில்லாத ஒருவர் யாழ்ப்பாணம் போவதென்றால், முதலில் வீட்டில் இருந்து இறங்குதுறைக்கு வர வேண்டும். பிறகு கடல். பிறகு குறிகட்டுவானில் இருந்து பஸ். கடலையும் பஸ்ஸையும் விட அந்த முதல் துண்டுதான் ஆட்களைக் கொல்வது. தலைவரோடு வாதாடியபோது எனக்கு நல்ல உற்சாகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடக் குந்தியபோது அது போய்விட்டது.

அடுத்தநாள் தலைவர் திரும்பி வந்தார். இம்முறை வானுக்குள் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனிசனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சலரோகத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மடியில் இரண்டு ஊன்றுகோல்.

“இவர் கதிரவேலு. பயனாளி,” என்று தலைவர் அறிமுகப்படுத்தினார், ஏதோ உத்தியோகத்தின் பெயர்போல. “மாதம் மாதம் கிளினிக்குக்கு லாண்ட்மாஸ்டர் பெட்டியிலை போட்டு அடிச்சுக்கொண்டு வருகினம். இண்டைக்குக் கிளினிக்காலை நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான். இந்த மனுசன்ரை முகத்தைப் பாத்து பெயில் எண்டு சொல்லும் பாப்பம்.”

கதிரவேலண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ரை மூக்குக்குள்ளையும் அந்தக் கம்பியை விட வேணுமோ தம்பி?”

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிக்க முடியவில்லை. அவருடைய மனைவி பரமேசக்கா, தலைவர் தொலைபேசியில் கதைக்கத் தள்ளிப் போன நேரம் பார்த்து, என் கிட்ட வந்தார்.

“தம்பி, ஒரு கதை. உள்ளுக்கு ஒரே புகை மணம். யாழ்ப்பாணத்திலையிருந்து வரேக்கை இவருக்கு ரெண்டுதரம் சத்தி வந்திட்டுது. எனக்கும் தலை சுத்துது. கண்ணாடியைத் திறந்துகொண்டுதான் வந்தனாங்கள்.” பிறகு என் கையைப் பிடித்தார். “ஆனா நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிறகு வானே வராது. லாண்ட்மாஸ்டரிலை வந்தா இவருக்கு மற்றக் காலிலை கிடக்கிற புண்ணெல்லாம் வெடிச்சுப்போடும். அதுக்குப் புகை பறவாயில்லை.”

அதுக்குப் புகை பறவாயில்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ சாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். அதுவரை என்னை ஆட்டியது இது ஒன்றுதான். பெயில் போட்டால் அவர் லாண்ட்மாஸ்டரில் அடிபட வேண்டும். பாஸ் போட்டால், கதவு பூட்டிய வானுக்குள் புகை குடிக்க வேண்டும். மெசின் எனக்கு ஒரு எண்ணைத்தான் தரும். இதற்குப் பதில் தராது.

தலைவர் வந்தார். நான் மறுபடியும் சோதனை செய்தேன். மறுபடியும் பெயில். அப்போது அவர் கத்தத் தொடங்கினார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு ஆள் கத்தத் தொடங்கினால் எங்களுக்கு இரண்டு ஆசை வரும். ஒன்று, திருப்பிக் கத்த. மற்றது, காதைப் பொத்திக்கொள்ள. இரண்டையும் செய்யாதேயுங்கள். கத்துகிற ஆளுக்கு எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்ற கணக்கு இருக்காது.

“இது என்ன லேசுப்பட்ட வாகனம் எண்டு நினைச்சீரே?” என்று தலைவர் கத்தினார். “மரக்கறி மூட்டை ஏத்திக்கொண்டு நுவரெலியா மலை முழுக்க ஏறி இறங்கின வான்! எந்த ஏத்தத்திலையும் மூச்சு வாங்காது. அதுக்கெண்டே டீசல் பம்பைக் கூட்டி வைச்சிருக்கிறன் எண்டு வித்தவனே சொன்னவன். போன வருசம் சோதனைக்குக் கொண்டுபோன அண்டு மட்டும் குறைச்சவன். பாஸ் எடுத்த உடனை திருப்பிக் கூட்டிப்போட்டான். அவ்வளவு கெட்டிக்காரன்!”

சொல்லிவிட்டு வெற்றியோடு என்னைப் பார்த்தார். நுவரெலியாவில் பாஸ் ஆனது ஊர்காவற்றுறையில் ஏன் பெயில் என்று முதல்நாள் கேட்டவர் அவர்தான். பதில் சொன்னதும் அவர்தான். இரண்டும் ஒரே வாயில் இருந்து வந்தது அவருக்குத் தெரியவில்லை.

“ஐயா,” என்றேன் மெல்ல, “டீசல் கூடப் பாய்ஞ்சாப் புகையும் கூடத்தான் வரும். கூட்டினதைக் குறைக்கலாம்தானே?”

“குறைச்சா இழுவை போயிடும்!”

“நெடுந்தீவிலை எங்கை ஐயா மலை?”

முதலில் சிரித்தது கதிரவேலண்ணை. “எங்கடை ஊரிலை உயரமான இடம் எண்டு பாத்தா அந்த இடிஞ்ச கோட்டைச் சுவர்தான் கிடக்கு,” என்றார். “அதிலை என்னை ஏத்தச் சொல்லி நான் கேக்கேல்லை.”

தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தார். நான் அவருக்கு வெல்லவும் இடம் விடவில்லை, தோற்கவும் இடம் விடவில்லை என்று நினைத்தேன். அதனால் ஒன்று சொன்னேன். “ஐயா, விழாவிலை பிரதம விருந்தினர் ஏறி இருக்கேக்கை உள்ளுக்குப் புகை வந்தா நல்லா இராது. பின்குழாய் எங்கையோ வெடிச்சிருக்குது போல. அதையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.” பரமேசக்கா சொன்னதை நான் சொல்லவில்லை. பிரதம விருந்தினரின் மூக்கைச் சொன்னேன். பயனாளியின் மூக்குக்காக நடக்காதது விருந்தினரின் மூக்குக்காக உடனே நடந்தது. யோகன் வானை நேரே கராச்சுக்குக் கொண்டுபோனான்.

நாங்கள் அளக்கிற ஆட்கள், திருத்துகிற ஆட்கள் இல்லை. அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மெக்கானிக் பம்பைக் குறைத்து, காற்று வடியைத் துடைத்து, வானின் அடியில் வெடித்திருந்த குழாயை ஒட்டி அனுப்பினார். திரும்பி வந்த வானைச் சோதித்தேன். பாஸ். வடிவான பாஸ். பரமேசக்கா கண்ணாடியைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து பார்த்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

தலைவருக்கு மட்டும் திருப்தி இல்லை. வானைக் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “இழுவை காணாது. வயசு போன மாடு மாதிரிப் போகுது,” என்றார்.

“பம்பிலை கை வைக்காதேங்கோ ஐயா. திருப்பிக் கூட்டினா எல்லாம் பழையபடி.” யோகனையும் கூப்பிட்டுச் சொன்னேன். “இனி இது உன்ரை பொறுப்பு.” அவன் தலையாட்டினான். அந்தப் பெடியன் கடைசிவரை கை வைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அவனுக்கும் அழுத்தம் வராமல் இல்லை.

வெள்ளிக்கிழமை என்னையும் விழாவுக்கு வரச்சொன்னார்கள். பெயில் போட்ட ஆள் நான். ஆனால் பாஸ் போட்டதும் தலைவர் என்னைத் தன் ஆளாக்கிவிட்டார். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘புகையியல் நிபுணர்’ என்று போட்டிருந்தது. அப்படி ஒரு படிப்பு எங்கே இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள்.

வான் பாரப்படகில் ஏறி முன்னுக்குப் போய்விட்டது. கதிரவேலண்ணையை யோகனோடு முன் ஆசனத்தில் இருத்தி அனுப்பியிருந்தார்கள். பயனாளி வாகனத்துக்குள் இருந்தபடியே கரை சேர வேண்டுமாம், வீடியோவுக்கு. நாங்கள் பயணிகள் போட்டில் பின்னால் போய் இறங்கினோம். துறையில் பந்தல், வாழை, மேளம், ஒலிபெருக்கி எல்லாம் தயார். பாரப்படகு கரையோடு அணைந்து நின்றது. கடல் நன்றாக வத்தியிருந்த நேரம். படகில் இருந்து கரைக்குப் போட்ட இரும்புப் பலகை மேல்நோக்கி நிமிர்ந்து கிடந்தது. நெடுந்தீவில் மலை இல்லை என்று சொன்னவன் நான்தான்.

“தலைவர், வெறும் வானா ஏத்துவம்,” என்றான் யோகன். “இல்லாட்டித் தண்ணி ஏறும்வரை நிப்பம்.”

“நல்லநேரம் முடியப்போகுது!” என்றார் தலைவர். அவருடைய திட்டம் வேறு. விருந்தினர்கள் எல்லோரும் மாலையோடு பாரப்படகில் இறங்கி, வானில் ஏறி, வானோடு ஊருக்குள் வர வேண்டும். வீடியோ கனடாவுக்கு நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இந்த நேரத்துக்காக ஆட்கள் நித்திரை முழித்து இருக்கிறார்களாம்.

நான் போய்ச் சொன்னேன். “ஐயா, ஏத்தம் கூடவாக் கிடக்கு. ஆக்கள் மேலை வந்து நிண்டு ஏறட்டும்.”

“நீங்கள்தானே பாஸ் எண்டு தந்தனீங்கள்?” ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அன்று எனக்கு ‘நீங்கள்’.

“நான் தந்தது புகைக்கு. பாரத்துக்கு இல்லை.”

ஆனால் பிரதம விருந்தினர் ஏற்கெனவே ஏறிவிட்டார். அவர் ஏறினால் சிறப்பு விருந்தினர் விடுவாரா? கௌரவ விருந்தினர்கள், போசகர், உபதலைவர், அவருடைய மச்சான், கடைசியாகத் தலைவர் என்று வான் நிறைந்து, இரண்டு பேர் குனிந்துகொண்டு நின்றார்கள். மேளம் அடித்தது. யோகன் என்னைப் பார்த்தான். பிறகு முதலாம் கியரைப் போட்டான்.

முன்சில்லுகள் கரையைத் தொட்டன. பின்சில்லுகள் பலகையின் நடுவில். அங்கே எஞ்சின் ஒரு தரம் விக்கி நின்றது. வான் மெல்லப் பின்னுக்கு வழுகியது. மேளம் நிற்கவில்லை. அது விழாவின் ஒரு பகுதி என்று மேளகாரர் நினைத்திருக்க வேண்டும். யோகன் பிறேக்கை மிதித்து, கைப்பிறேக்கையும் இழுத்துப் பிடித்தான். வான் நின்றது. ஆனால் பாரத்தில் பலகை படகின் விளிம்பில் கிறீச்சிட்டு நகர்ந்தது. கீழே ஒரு வெட்டுத் தண்ணீர், படகுக்கும் கரைக்கும் நடுவில்.

நிபுணர் என்று என்னை அதற்குள் பந்தல் மேடையில் கொண்டுபோய் இருத்தியிருந்தார்கள். எப்படி இறங்கிப் பலகைக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. படகுக்காரர் ஒரு மரக்குத்தியை இழுத்து வந்தார். இரண்டு பேருமாகப் பின்சில்லுக்கு அடியில் திணித்தோம். இன்னொன்று மற்றச் சில்லுக்கு. பிறகு வானின் கதவைத் திறந்து கத்தினேன். என் வாழ்க்கையில் நான் பெரியமனிதர்களைப் பார்த்துக் கத்தியது அன்றைக்குத்தான்.

“எல்லாரும் இறங்குங்கோ! ஒவ்வொருத்தரா! துள்ளாதேங்கோ!”

ஏறும்போது பிரதம விருந்தினருக்கு முதலிடம் கொடுத்தவர்கள் இறங்கும்போது அந்த ஒழுங்கைக் காக்கவில்லை. போசகர் பிரதம விருந்தினருக்கு மேலால் வந்தார். கௌரவ விருந்தினர் ஒருவரின் மாலை கதவில் கொழுவி, அவர் அதைக் கழற்றாமல் அறுத்துக்கொண்டு ஓடினார். தலைவர் இறங்கி, பலகையில் நாலு காலில் தவழ்ந்து கரை ஏறினார். கைத்தொலைபேசி பிடித்திருந்த பெடியனுக்கு நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. கனடா எல்லாவற்றையும் பார்த்தது.

முன் ஆசனத்தில் கதிரவேலண்ணை அப்படியே இருந்தார்.

“நானும் இறங்கவோ தம்பி?”

அந்தக் கணத்தை நான் இன்றும் நினைப்பேன். நகர்கிற பலகையில், ஒற்றைக்காலோடு, இரண்டு பேர் தூக்கி அவரை இறக்குவதா? அல்லது உள்ளேயே விட்டு ஏற்றுவதா? பாரம் குறைந்துவிட்டது. சில்லுகளுக்கு முட்டு இருந்தது. தூக்குகிறவர்கள் தடுக்கினால் மூன்று பேரும் கீழே. கரையில் பரமேசக்கா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்தால் யோசிக்க ஏலாது.

“நீங்கள் இருங்கோ அண்ணை,” என்றேன். “பெல்ற்றைக் கழட்டிவிடுங்கோ. கதவைத் திறந்து வைச்சிருப்பம்.”

“நான் எங்கை ஓடப்போறன்?” என்றார் அவர். பிறகு யோகனின் பக்கம் திரும்பி, “ஆறுதலா ஏத்து மேனை,” என்றார்.

யோகன் எஞ்சினை எழுப்பினான். கிளச்சை மெல்ல விட்டான். வான் ஒரு முறை நடுங்கி, பிறகு ஒரு சிணுக்கமும் இல்லாமல் ஏறிக் கரையில் நின்றது. கறுப்புப் புகை ஒரு சொட்டு வரவில்லை. இழுவையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மாலை போட்ட எல்லோரும் பந்தலுக்கு நடந்து போனார்கள். கால் இல்லாத மனிசன் மட்டும் வாகனத்தில் போனார்.

தலைவர் பேச எழுந்தபோது அவருடைய முழங்கால் இரண்டிலும் துரு ஒட்டியிருந்தது. “நாங்கள் வாகனத்தில் வர விரும்பவில்லை,” என்று தொடங்கினார். “மக்களோடு மக்களாக நடந்தே வந்தோம்.” நல்ல கைதட்டல். பிரதம விருந்தினர் தன் பேச்சில் அதை இரண்டு தரம் எடுத்துச் சொன்னார். பிறகு கதிரவேலண்ணையிடம் ஒலிவாங்கியை நீட்டி, வாகனத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, “கதவு நல்லாப் பூட்டுப்படுது,” என்றார். அது ஒன்றுக்குத்தான் யாரும் கைதட்டவில்லை.

பிள்ளைகளே, அன்று நான் செய்தது முழுக்கச் சரி என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பலகை இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் இந்தக் கதையை வேறு ஒருவர் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் கொடுக்கிற கடதாசியில் எது பாஸ் என்பதை வடிவாகத் தெரிந்து வைத்திருங்கள். புகைக்குக் கொடுத்த பாஸைச் சனம் எல்லாவற்றுக்கும் கொடுத்த பாஸாகக் கொண்டுபோகும். அது அல்ல என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும், மேளம் அடித்துக்கொண்டிருந்தாலும்.

அடுத்த கிளினிக் நாள் காலை பரமேசக்கா எடுத்தார். பின்னால் போட்டின் இரைச்சல். வான் நேரத்துக்கே துறைக்குக் கொண்டுவந்து விட்டதாம்.

“தம்பி, இண்டைக்கு வேளைக்கு வந்தபடியாப் போட்டிலை உள்ளுக்கு இருக்க இடம் கிடைச்சது. காத்தும் படேல்லை, தண்ணியும் தெறிக்கேல்லை.”

“அண்ணையோடை ஒருக்காக் கதைக்கலாமோ?”

“அவர் நித்திரை. இருங்கோ,” என்று தொலைபேசியை அவர் பக்கத்தில் பிடித்தார். அந்த இரைச்சலுக்குள்ளும் குறட்டைச் சத்தம் தெளிவாகக் கேட்டது.